கொழும்புப் பிள்ளைகளுக்காக மூன்று நாள் பட்டினி

1

என் அக்காவின் பேத்தி தர்ஷினி போன வாரம் கொழும்பிலிருந்து ஃபோனில் குரல் அனுப்பியிருந்தாள். "சின்ன அம்மாயி, நாங்க கடற்கரையில உண்ணாவிரதம் இருந்தோமே, அந்த மாசம் திரும்ப வந்திருச்சு. இந்தத் தடவை ஒழுங்காச் சாப்பிடுங்க, என்னா?" என்று சொல்லிவிட்டு ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். அடுப்படியில் நின்ற என் மருமகள் சரசு மட்டும் சிரிக்கவில்லை. பாத்திரத்தை வைத்த சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

அந்தச் சத்தத்துக்காகத்தான் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் சரசுதான். பத்தாவது வரை படித்தவள். நான் கண்டபடி சொல்வதைப் பத்திரிகையில் வருவது மாதிரி திருத்தி எழுதிவிடுவாள். யாராவது பேசியதை மட்டும் பேசினபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் எங்கள் லயத்தில் எல்லோரும் ரேடியோவில் செய்தி வாசிப்பது போல் ஆகிவிடும்.

ஹட்டன், பொகவந்தலாவை, பண்டாரவளைப் பக்கம் இருந்து இதைப் படிக்கிற பிள்ளைகளே, நான் உங்கள் மலையில் பிறந்தவள். பெயர் பாக்கியம். பதினேழு வயதில் அப்பா, அம்மாவோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினேன். இப்போது இருப்பது நீலகிரியில், பந்தலூர்ப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். மலைக்கு மலை மாறி வந்திருக்கிறேன், அவ்வளவுதான். அட்டை அங்கேயும் கடித்தது, இங்கேயும் கடிக்கிறது. இங்கேயுள்ளது கொஞ்சம் குண்டு.

2

எங்கள் குடும்பத்தைப் பிரித்தது ஒரு குடியுரிமை மனுப் பேப்பர். இந்தியாவுக்கு என்று ஒரு பேப்பர், இலங்கைக்கு என்று ஒரு பேப்பர். அப்பா இந்தியாவுக்குப் போட்டார். அக்கா ராசாத்திக்கு அப்போதே கல்யாணமாகியிருந்தது. அவள் மாமனார் இலங்கைக்குப் போட்டார். யாரும் எங்களைக் கேட்கவில்லை. ஹட்டன் ஸ்டேஷனில் அக்கா ரயிலோடு ஓடி வந்தாள். ஓடி வந்தவள் கத்தியது என்ன தெரியுமா? "அடியே, என் சீப்பை எடுத்துட்டுப் போயிட்டியா?" எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வரும், பிறகு வேறு ஒன்றும் வரும்.

இங்கே வந்த புதிதில் பந்தலூர் கடையில் போய் "அரை றாத்தல் பாண் குடுங்க" என்று கேட்டேன். பாண் என்றால் ரொட்டி என்று தெரியாத கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "சிலோன்காரங்க வந்திருக்காங்க, என்ன வேணும்னு பாரு" என்றார். அங்கே இருந்தவரை நாங்கள் இந்தியாக்காரர். இங்கே வந்ததும் சிலோன்காரர். கப்பலில் இருந்த அந்தச் சில மணி நேரம் மட்டும் எங்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தோம்.

ரேஷன் கார்டு, அந்தக் கார்டு, இந்தக் கார்டு என்று ஒவ்வொன்றுக்கும் "கப்பல்ல வந்த பேப்பர் எங்கம்மா?" என்பார்கள். அந்தப் பேப்பரை அப்பா மடித்து மடித்து அது எட்டுத் துண்டாகிவிட்டது. எட்டையும் ஒழுங்காக அடுக்கிக் காட்டினால்தான் நான் ஆள். ஒரு துண்டு மாறினால் வேறு யாரோ.

என் மகன் மணி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மாதத்துக்கு ஒரு தடவை வருவான். பேத்தி கவிதா கோயம்புத்தூரில் நர்ஸ் படிப்பு. நான் லயம் என்றால், "லைன் வீடுன்னு சொல்லு அப்பத்தா" என்று திருத்துவாள். ஆக, வீட்டில் நானும் சரசுவும்தான். சரசு அன்னூர்ப் பக்கத்துப் பெண். மணி திருப்பூரில் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தான். தேயிலைச் செடியையே அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் வருஷம் கூடையை நெற்றியில் மாட்டத் தெரியாமல் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இப்போது என்னைவிட வேகம்.

3

தர்ஷினி உண்ணாவிரதம் இருந்த அந்த வருஷம் உங்கள் ஊரில் நடந்தது உங்களுக்கே தெரியும். பெட்ரோல் இல்லை, காஸ் இல்லை, கரண்ட் இல்லை. பிள்ளைகள் கொழும்புக் கடற்கரையில் கூடாரம் போட்டு, ஆட்சியை விட்டு வீட்டுக்குப் போ என்று உட்கார்ந்தார்கள். அக்காவின் பேத்தி தர்ஷினி கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். அவளும் அங்கே போய்விட்டாள். எனக்கு வீடியோ வரும். ஒரு சிங்களப் பிள்ளை இவளுக்குத் தலை பின்னிவிடுகிறது, இவள் கோஷம் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். எழுதியிருந்தது என்னவென்று தெரியாது. அவள் நின்ற விதம் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அக்கா கூப்பிட்டாள். அழுகை.

"பாக்கியம், தர்ஷினி உண்ணாவிரதம் உட்கார்ந்துட்டா. காலையில இருந்து பச்சைத் தண்ணியோட இருக்கா. யாரு சொல்லியும் கேக்க மாட்டேங்குறா."

"அவ சாப்பிடுற வரைக்கும் நானும் சாப்பிட மாட்டேன்க்கா. மாரியம்மா மேல சத்தியம்."

"உனக்கென்னாடி கிறுக்கா? உனக்குச் சக்கரை வியாதி..." என்றாள் அக்கா. அதோடு லைன் போய்விட்டது. அங்கே கரண்ட் போனால் டவரும் போய்விடும்.

சத்தியம் வாயில் வந்துவிட்டது. ஆனால் சொன்ன பிறகு எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? கடலுக்கு இந்தப் பக்கம் வந்த பிறகு அக்கா வீட்டுக் கல்யாணம் எதற்கும் நான் போனதில்லை, சாவுக்கும் போனதில்லை. இந்த ஒன்றிலாவது கூட உட்காரலாமே.

எங்கள் லயம் பள்ளத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் பானைக்குள் போட்டு மூடியது போலத்தான். ஃபோன் எடுக்காது. அக்கா பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் பனி இறங்கிவிட்டது. மேலே மஸ்டர் கொட்டகையில் மட்டும் எடுக்கும். மஸ்டர் என்றால் உங்களுக்குப் புரியாது, நம்ம ஊர்ப் பெரட்டுக்களம். காலையில் ஆட்கள் கூடி, இன்னார் இந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிற இடம். தர்ஷினி சாப்பிட்ட சேதி வந்தால் அங்கேதான் வரும். அதனால் ஒரு பலகையும் ஃபோனும் எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கேதான் முதல் தப்பு. தோட்டத்தில் ஒவ்வொரு ஆளும் காலையும் மாலையும் அந்தக் கொட்டகை வழியாகத்தான் போக வேண்டும்.

4

முதலில் வந்தவள் ஜெயக்கொடி. எங்கள் சூப்பர்வைசர் மனைவி. மகளிர் குழுவுக்குத் தலைவி. பத்து வருஷமாக அவள்தான். தேர்தல் கீர்தல் ஒன்றும் கிடையாது. "ஜெயக்கொடியே இருக்கட்டுமா?" என்று ஜெயக்கொடியே கேட்பாள், எல்லோரும் தலையாட்டுவார்கள். யார் அட்டை மொய்க்கிற சரிவுக்குப் போவது, யார் ஃபேக்டரிப் பக்கம் சமதரையில் கொழுந்து கிள்ளுவது என்று பிரிப்பவர் அவள் வீட்டுக்காரர். தலையை ஆட்டாமல் என்ன செய்வது?

அந்த வருஷம்தான் சரசு வாயைத் திறந்தாள். இந்தத் தடவை ஓட்டுப் போட்டு எடுப்போம், நானும் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டாள். பதினைந்து பேரில் ஒன்பது பேர் சரி என்று அவளிடம் கைபிடித்துச் சொல்லியிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம். நானோ அதற்கு இரண்டு நாள் முன்னால் பெரட்டுக்களத்தில் பட்டினி உட்கார்ந்திருக்கிறேன்.

"என்னாக்கா, சாப்பிட்டீங்களா?" என்றாள் ஜெயக்கொடி.

"இல்லம்மா. உண்ணாவிரதம்."

"உண்ணாவிரதமா? யாரை எதுத்து?"

"இலங்கை ஜனாதிபதியை."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க மனசு யாருக்கு வரும்" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, உலக விஷயம் புரிந்தவள் என்று.

மத்தியானத்துக்குள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். ஒருத்தி தலையைத் தடவினாள். எனக்கு ஆள் கிடைத்தால் விடுவேனா? அந்தக் கடற்கரை, அந்தக் கூடாரம், அந்தத் தலை பின்னிவிட்ட பிள்ளை என்று எல்லாவற்றையும் சொன்னேன். "உம், உம்" என்று கேட்டார்கள். எழுந்து போகும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"பாரு, அந்தக் கிழவி எப்பேர்ப்பட்டது. மருமக சோறு போடலேன்னு ஒரு வார்த்தை சொல்லுதா? இலங்கைக்காரனைச் சொல்லுது!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம்ம லயங்களில் ஒரு பொம்பளை சாப்பிடாமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தானே? வீட்டில் கோபம். மாமியார் சாப்பிடாவிட்டால் மருமகள்மேல். அதுவும் பெரட்டுக்களத்தில் உட்கார்ந்து சாப்பிடாவிட்டால், ஊரைக் கூட்டி மருமகளைக் காட்டிக்கொடுக்கிறாள். கொழும்புக்காகப் பந்தலூரில் ஒரு கிழவி பட்டினி கிடப்பாள் என்று எவள் நம்புவாள்?

எழுந்து ஒவ்வொருத்தி பின்னாலும் போனேன். "அம்மாடி, சரசு தங்கமான பிள்ளை. காலையில தோசை சுட்டு வச்சா. நான்தான் தொடல" என்றேன்.

"தெரியும் பாட்டி, தெரியும். நீங்க யாரையும் விட்டுக்குடுக்க மாட்டீங்க" என்றாள் ஒருத்தி.

சொல்லச் சொல்ல நான் உயர்ந்துகொண்டே போனேன். சரசு தாழ்ந்துகொண்டே போனாள்.

சாயங்காலம் ஒரு போலீஸ்காரர் வேறு வந்தார். தோட்டத்தில் யாரோ உண்ணாவிரதம் என்று சொல்லியிருக்கிறார்கள். சின்ன வயசு, மழைக்கோட்டு, நோட்டுப் புத்தகம்.

"என்ன கோரிக்கைம்மா?"

"கொழும்புல பிள்ளைங்க கேக்குறதுதான் சார். ஆட்சிய விட்டு இறங்கணும்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "அம்மா, வெளிநாட்டு விவகாரம்னு எழுதுனா நான் மேல ரிப்போர்ட் அனுப்பணும். நீங்க எப்ப வந்தீங்க, என்ன பேப்பர்னு உங்களயும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. வேணுமா?"

எட்டுத் துண்டுப் பேப்பர் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"வீட்ல யாரெல்லாம்?"

"மருமக."

"அப்ப சரி" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். என்ன எழுதினார் என்று பக்கத்தில் நின்ற ஜெயக்கொடியிடம் கேட்டேன். எட்டிப் பார்த்திருக்கிறாள். "குடும்பத் தகராறுன்னு எழுதியிருக்காருக்கா" என்றாள். மருமகள் என்ற ஒரு சொல்லை என் வாயாலேயே கொடுத்தேனே!

ஐந்து மணிக்கு யானை இறங்குகிற நேரம். கொட்டகையில் யாரும் இருக்கக் கூடாது. என் உண்ணாவிரதத்துக்கும் அதே டியூட்டி நேரம்தான். பலகையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

5

சரசு வாசலிலேயே நின்றாள். மலையில் கிள்ளிக்கொண்டிருக்கும்போதே அவள் காதுக்கு வந்துவிட்டது.

"ஏனுங்க அத்தை, நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?"

"உன்னைச் சொல்லலம்மா! தர்ஷினி..."

"எனக்குத் தெரியுதுங்க. நீங்க ஃபோன்ல பேசுறப்ப நானும் கேட்டுட்டுத்தான இருந்தேன். ஊருக்குத் தெரியலையே! பட்டினி கெடக்கோணும்னா ஊட்டுக்குள்ள கெடக்கக் கூடாதுங்களா? மஸ்டர்லயா போய்ப் பலகை போடுவீங்க?"

"சிக்னல் அங்கதான..."

"சிக்னலு!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சர்க்கரை மாத்திரை வெறும் வயிற்றில் போடக் கூடாது என்று எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். தேத்தண்ணீர் மட்டும் கொண்டு வந்து நீட்டினாள். தேத்தண்ணீர் சாப்பாட்டில் சேராது என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தோம். இரண்டு கரண்டி சீனி போட்டிருந்தாள். மயக்கம் வராமல் இருக்க என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. சரசு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னைக் கொட்டகைக்குப் போகவிடாமல் வீட்டில் வைத்தாள். ஃபோனை மட்டும் அவளே மேலே கொண்டுபோய் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். அக்கா எண்ணும் போகவில்லை, தர்ஷினி எண்ணும் போகவில்லை. அப்படி அவள் ஏறி இறங்குவதைப் பார்த்து, "கெழவிய உள்ள வச்சுப் பூட்டிட்டா, ஃபோனையும் புடுங்கிட்டா" என்று லயத்தில் பேச்சு.

பதினொரு மணிக்குப் பந்தலூர் பஸ்ஸில் சரசுவின் அம்மா வந்து இறங்கினார்கள். அன்னூரிலிருந்து ராத்திரியே கிளம்பியிருக்கிறார்கள். யார் சொன்னார்களோ தெரியாது. கையில் ஆப்பிள், ஆரஞ்சு, எனக்கு ஒரு புடவை. வந்ததும் மகளை ஒன்றும் கேட்கவில்லை. நேராக என் முன்னால் வந்து கும்பிட்டார்கள்.

"ஏனுங்க சம்மந்தியம்மா, எம்புள்ள என்ன தப்புப் பண்ணியிருந்தாலும் பெத்தவ எனக்காகப் பொறுத்துக்கோங்க. ஒரு வாய் சாப்பிடுங்க."

"ஐயோ, அவ ஒண்ணும் பண்ணல சம்பந்தி! இது இலங்கைக்கு..."

"பாருங்க, இப்பவும் பேச்சுக் குடுக்காம எலங்கை கிலங்கைன்னு என்னமோ சொல்றாங்க. அவ்வளவு மனசு நொந்திருக்காங்க!" என்று மகளைப் பார்த்து அழுதார்கள்.

பழத்தை உரித்து என் வாய்ப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வாசலில் அக்கம்பக்கத்து ஆட்கள். ஆரஞ்சு வாசனை மூக்கில் ஏறுகிறது. இரண்டு நாள் வயிறு. எனக்கு வாயில் தண்ணீர் ஊறியது உண்மை, அதை ஏன் மறைக்க வேண்டும்?

சரசு என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். மெதுவாகத்தான் பேசினாள். "அத்தை, இப்ப எங்கம்மா கையில வாங்கிச் சாப்பிட்டீங்கன்னா, அவிய வந்து மன்னிப்புக் கேட்டதால சாப்பிட்டீங்கன்னு ஆயிரும். நான் குத்தவாளிதான்னு முடிஞ்சுரும். சாப்பிடலீன்னா, பெத்தவ வந்து கெஞ்சியும் எறங்கல, அவ்வளவு கொடுமைன்னு ஆயிரும். எப்படிப் பாத்தாலும் நாளைக்கு எனக்கு ஒருத்தியும் கைதூக்க மாட்டா."

"இப்ப நான் என்னம்மா செய்யட்டும்?"

"உங்களுக்கு எது தோணுதோ அதச் செய்யுங்க."

அதைவிடப் பெரிய தண்டனை உண்டா? ஒரு வாய் ஆரஞ்சு. அதைத் தின்றாலும் என் பிள்ளைக்குக் கேடு, தின்னாவிட்டாலும் கேடு. தின்னுவதற்கும் தின்னாமல் இருப்பதற்கும் நடுவில் ஒன்று இருந்தால் அதைச் செய்திருப்பேன்.

நான் தின்னவில்லை. தர்ஷினி அங்கே இன்னும் பட்டினியாக இருக்கிறாள் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் இங்கே வாய் வைத்தால் அவள் அங்கே மயங்கி விழுந்துவிடுவாள் என்று ஒரு பயம். அந்த நிமிஷம் நான் தேர்ந்தெடுத்தது கடலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளையை. பக்கத்தில் நின்ற பிள்ளையை இல்லை. சரசு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா, அப்படித்தான் நடந்தது.

6

அன்றைக்குச் சாயங்காலம் மூடுபனி கொஞ்சம் விலகியபோது கவிதா சரசுவின் ஃபோனில் கூப்பிட்டாள். "அப்பத்தா, உன்னை வேண்டாம்னு தொரத்துன நாடு அது. அதுக்குப் போய் ஏன் சாகுற?" என்று கேட்டாள். நர்ஸுக்குப் படிக்கிறவள், சர்க்கரை அளவெல்லாம் சொல்லித் திட்டினாள்.

அதற்குப் பதிலை உங்களுக்குச் சொல்கிறேன். என் அப்பா அந்த நாட்டில் ஒரே ஒரு தடவை ஓட்டுப் போட்டார். நான் பிறப்பதற்கு முன்னால். பிறகு தோட்டத்து ஆட்களுக்கு ஓட்டு இல்லை என்று எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு தடவையைப் பற்றி அவர் சாகிற வரைக்கும் பேசினார். எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போனார், வரிசையில் முன்னால் யார், பின்னால் யார் எல்லாம் சொல்வார். யார் ஜெயித்தார் என்று கேட்டால் மறந்துபோய்விட்டது என்பார். தர்ஷினிக்கு அந்த நாட்டில் ஓட்டு இருக்கிறது. அந்த நாட்டு ஜனாதிபதியைப் பார்த்து, எறங்கு என்று அவள் சொன்னால், நீ யாரடி கேட்க என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் தலை பின்னிவிட்டாள். இதற்கு நான் ஒரு வேளை சோறு விடக் கூடாதா?

கவிதாவிடம் இதில் எதையும் சொல்லவில்லை. "சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று வைத்துவிட்டேன்.

7

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அங்கன்வாடியில். எனக்குக் குழுவில் இடம் இல்லை, வயசு தாண்டிவிட்டது. ஆனாலும் போனேன். சரசுவின் அம்மா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். அதுவும் பார்ப்பதற்கு, மருமகள் தொடாத மாமியாரைச் சம்பந்தி தாங்கிக்கொண்டு வருகிற காட்சியாகப் போய்விட்டது.

எல்லோர் முன்னாலும் நின்று சொன்னேன். "நான் மாரியம்மா மேல சத்தியமாச் சொல்றேன். எம் மருமக மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. நான் கொழும்புல இருக்குற பிள்ளைக்காகத்தான் சாப்பிடல. அவளுக்கு ஓட்டுப் போடுங்க."

பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

ஜெயக்கொடி எழுந்து வந்து என்னை உட்கார வைத்தாள். "அக்கா, நீங்க எதையும் மறைக்க வேணாம். இங்க எல்லாம் உங்க பிள்ளைங்கதான்" என்றாள்.

சரசு சீட்டு எழுதிப் பெட்டியில் போடுவோம் என்றாள். ஜெயக்கொடி, நமக்குள் என்ன ஒளிவுமறைவு, கைதூக்குவோம் என்றாள். கைதூக்கினார்கள். சரசுவுக்கு நாலு கை. அதில் ஒன்று சரசுவுடையது. ஒன்பது என்று கைபிடித்துச் சொன்னவர்களில் மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாமியாருக்குச் சோறு போடாதவளுக்குக் கைதூக்கவில்லை என்று சொல்லிக்கொள்வது, சூப்பர்வைசருக்குப் பயந்து தூக்கவில்லை என்பதைவிட மரியாதையாக இருந்திருக்கும். அந்த மரியாதையை அவர்களுக்குக் கொடுத்தது நான்தான்.

திங்கட்கிழமை காலை சரசுவோடு கொட்டகைக்குப் போனதும் ஃபோன் எடுத்தது. தர்ஷினி!

"சின்ன அம்மாயி, கரண்டே இல்ல, ஃபோன் செத்துருச்சு. சொகமா இருக்கீங்களா?"

"நீ சாப்பிட்டியாடி? அத முதல்ல சொல்லு!"

"சாப்பிட்டேனே. வெள்ளிக்கிழமை அந்திக்கே பாணும் பருப்பும் சாப்பிட்டேன்."

"வெள்ளிக்கிழமையா?"

"ஆமா அம்மாயி. ஒரு நாளைக்கு ஒரு செட்டு. காலையில உக்காந்தா அந்திக்கு எந்திரிக்கணும், மறுநாள் வேற ஆளு. எல்லாரும் ஒரேயடியாப் பட்டினி கெடந்தா போராட்டத்த யாரு நடத்துறது?"

நான் சிரித்த சிரிப்பில் பலகையிலிருந்து விழப் போனேன். வயிறு காலியாக இருந்தால் சிரிப்பு எவ்வளவு சத்தமாக வரும் தெரியுமா? பக்கத்தில் நின்ற சரசுவும் எல்லாவற்றையும் கேட்டாள். வீட்டுக்குப் போய்ச் சோறு குழைய வைத்து, ரசம் ஊற்றி, எனக்கு ஊட்டினாள். வாசலில் போனவர்கள் அதையும் பார்த்தார்கள். "தோத்த பிறகுதான் சோறு போடுறா" என்றார்கள்.

8

உங்கள் ஊரில் அந்த ஜனாதிபதி ஓடிப்போனார். எங்கள் குழுவில் ஜெயக்கொடிதான் இன்னும் தலைவி.

அடுத்த மாதம் மறுபடி தலைவியை எடுக்க வேண்டும். சரசு மறுபடி நிற்கிறாள். இந்தத் தடவை சீட்டுத்தான் என்று எல்லோரையும் சம்மதிக்க வைத்துவிட்டாள், கெட்டிக்காரி. ஆனால் போன வாரம் தண்ணீர்க் குழாயில் ஒருத்தி அவளைக் கேட்டிருக்கிறாள்: "ஏன்டி, அந்தக் கிழவிக்கு இப்பவாச்சும் நேரத்துக்குச் சோறு போடுறியா?"

நான் வாயால் சொல்லி யாரும் நம்பவில்லை. சத்தியம் பண்ணி நம்பவில்லை. இங்கே ஆட்கள் நம்புவது அச்சில் வந்ததைத்தான். அதனால்தான் உங்கள் பத்திரிகைக்கு இதை எழுதச் சொன்னேன். வந்தால் ஒரு பிரதியை அங்கன்வாடிச் சுவரில் ஒட்டுவேன். கடைசியாக இரண்டு வரி சொன்னேன். சரசு பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இத நான் எழுத மாட்டேனுங்க அத்தை."

"ஏம்மா? உண்மைதான?"

"உண்மைதானுங்க. என்னப் பத்தி நானே எங்கையால எழுதிக்கிட்டா அத யாரு நம்புவாங்க? மாமியாக்காரிக்குப் படிக்கத் தெரியாது, மருமக இஷ்டத்துக்கு எழுதி அனுப்பிட்டான்னு பேசுவாங்க. இதுவும் சேந்துக்கும்."

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. படிக்காமல் போனதற்கு நான் அன்றைக்குப் பட்ட வருத்தம் அதற்கு முன் பட்டதில்லை. எட்டுத் துண்டுப் பேப்பருக்காகக்கூடப் பட்டதில்லை.

எனவே, பிள்ளைகளே, சரசு பேனாவைக் கீழே வைத்த இடத்திலிருந்து எழுதுவது அவள் இல்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு நேரே ஜெயக்கொடி வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்கு எதிரே உட்கார்ந்து அவள்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். முன்னால் இருந்த பக்கங்களை எல்லாம் வாசித்துவிட்டாள். நான் எதிர்பார்த்த மாதிரி கோபப்படவில்லை. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள்.

"அக்கா, எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க கொழும்புக்காகத்தான் உக்காந்தீங்கன்னு. நானும் பண்டாரவளையில பொறந்தவதான? டிவியில நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"அப்புறம் ஏன்டி?"

"பத்து வருஷமா எல்லாரும் தலைவி, தலைவின்னு கூப்பிட்டுட்டாங்கக்கா. விடுறதுக்கு மனசு வரல" என்றாள்.

இதையும் எழுது என்றேன். எழுதிவிட்டேன் என்று சொல்கிறாள். மூன்று தடவை வாசித்துக் காட்டச் சொன்னேன், மூன்று தடவையும் நான் சொன்னபடியே வாசித்தாள். வாசித்ததும் எழுதியதும் ஒன்றுதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் கண்ணைத்தான் பார்க்க முடியும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரசுவிடம் காட்டவும் மாட்டேன், அவள் கை இதில் படவே கூடாது. இங்கிருந்தே கவரில் போட்டு ஒட்டி, நானே பந்தலூர் தபாலாபீஸில் சேர்க்கப் போகிறேன்.

இப்போது அந்த இரண்டு வரியையும் சொல்கிறேன். ஜெயக்கொடி பேனாவைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்க்கிறாள். உங்களுக்குப் படிக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. இதற்குக் கீழே ஒன்றும் இல்லையென்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். இருந்தால், அவள் எழுதிவிட்டாள்.

என் மருமகள் சரசு எனக்கு ஒரு வேளையும் சோறு போடாமல் இருந்ததில்லை.

நான்தான் சாப்பிடவில்லை.